பருவச் சக்கரத்தில் விடுபட்ட குத்தகை

அவசர வாழ்விலிருந்து விலக நினைக்கும் மேலை நாட்டு நகரவாசிகள் பலரை இன்று கெல்டிக் பருவ விழாக்கள் ஈர்க்கின்றன. நவம்பர் 1 சாவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா: இந்த நான்கும் அயர்லாந்தின் பழைய பருவத் தொடக்கங்கள். இவற்றோடு கதிர்த்திருப்ப நாள்களையும் சமஇரவு நாள்களையும் சேர்த்து எட்டு விழாக்கள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ ஆக்கியவை 1950களின் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரைச் சுற்றியிருந்த இயற்கை வழிபாட்டுக் குழுக்கள். புதிது என்பதாலேயே ஒரு வழக்கம் பொய்யாகிவிடாது. என் மனக்குறை வேறு.

அந்த நான்கு நாள்களும் உழைப்போடு பிணைந்தவை. பெல்டேனை ஒட்டி மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனார்கள். சாவினுக்குள் இறக்கிக் கொண்டுவந்தார்கள். பிற்கால அயர்லாந்தில் நிலக்கிழாருக்குக் குத்தகைப் பணம் கட்டும் தவணைகளும், கூலியாள்களை ஆறு மாதத்துக்குப் பேசி அமர்த்தும் சந்தைகளும் மே, நவம்பர் மாதங்களிலேயே வந்தன. ஜூலை பசி மாதம். பழைய உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. லூனசாவில் முதல் கிழங்கைத் தோண்டியவர்களின் களிப்பு அந்தப் பசியில் விளைந்தது. கடனையும் பசியையும் நீக்கிவிட்டு, மெழுகுவத்தியும் மூலிகைத் தேநீருமாக இந்த நாள்களைக் கொண்டாடும்போது அந்த மக்களின் வாழ்க்கை நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இது எனக்கு வலிக்கிறது.

ஆனால் இம்போல்க் நாளிலேயே வரும் புனித பிரிஜிட் திருநாளின் சிலுவையை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். ஜனவரி 31 மாலை கோரையைப் பிடுங்கி வந்து சிலுவையாகப் பின்னி, வீட்டு வாசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் மாட்டுவார்கள். அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது பல ஊர்களின் வழக்கம். இதற்கு ஊரில் ஈரநிலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குளிரில் அங்கே நடந்து போக வேண்டும். அப்படித் தேடிப் போகிறவருக்கு வடிகால் வெட்டி அழிக்கப்பட்ட சதுப்பும் கண்ணில் படும். கடையில் வாங்கிய சிலுவை இதைத் தராது. 2023 முதல் பிரிஜிட் திருநாளுக்கு அயர்லாந்து அரசு பொது விடுமுறையும் விடுகிறது.

பருவங்கள் தலைகீழாக வரும் ஆஸ்திரேலியாவில் இந்த ஆண்டுச் சக்கரத்தைப் பின்பற்றுவோரில் பலர் நாள்களை ஆறு மாதம் தள்ளி, மே 1 அன்று சாவின் கொண்டாடுகிறார்கள். தேதியைவிடப் பருவத்தை மதிக்கும் இந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் பெர்த் நகரைச் சூழ்ந்த நிலத்தில் நூங்கார் பூர்வகுடிகள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்திருக்கிறார்கள். அங்கே எது எப்போது பூக்கும், மழை எப்போது இறங்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. பெர்த்தில் வாழ்ந்துகொண்டு இயற்கையோடு நெருங்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது அந்த ஆறு பருவங்களை.