கண்ணாடித் தகட்டில் நீலப் புள்ளிகள்

கரவெட்டியிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு மருத்துவரின் முகம் தெரியும். நோயைக் காட்டிக்கொடுத்த கண்ணாடித் தகடு கண்ணில் படாது. எனக்கு அந்தத் தகட்டின்மேல் பெரிய மரியாதை.

நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்குத் தடிப்பில் சீவுகிறார்கள். பிறகு சாயம். நீலத்தைத் தரும் ஹெமடொக்சிலின், மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வருவது. இயோசின் இளஞ்சிவப்பு. நுணுக்குக்காட்டியின் கீழே புற்றுக் கலங்கள் பெருத்து, ஒழுங்கு குலைந்து கிடக்கும். அவற்றுக்கிடையே கடுநீலத்தில், உருண்டையாக, சின்னஞ்சிறு நிணநீர்க்குழியங்கள், நோயை எதிர்க்கும் நம் காவற்கலங்கள்! எவ்வளவு அழகு. அவை, குறிப்பாக சிடி8 வகை, கட்டிக்குள் நெருக்கமாகப் புகுந்திருந்தால் பொதுவாக நோயாளியின் நிலை நம்பிக்கை தரும். விளிம்போடு நின்றுவிட்டால் அந்த நம்பிக்கை குறையும். அவற்றைக் கட்டிப்போடும் தடையை நீக்கிச் சிகிச்சை செய்ய வழி கண்டதற்கே ஆய்வாளர்கள் அலிசனும் ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தெல்லிப்பழை வைத்தியசாலைக்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து நம் பருத்தித்துறை வரை நடந்து பணம் திரட்டினார்கள். அந்த உழைப்பு பயன்பட வேண்டுமானால் நாம் நேரத்தோடு போக வேண்டும்: மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், சளியில் இரத்தம் கண்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.