குண்டு விழுந்த இடம் எல்லை: கச்சத்தீவு பற்றிய நாடாளுமன்றப் பதில்களை வாசித்தபோது

இந்தக் குறிப்பு கச்சத்தீவில் தொடங்கவில்லை. எங்க ஊர் செஞ்சிக் கோட்டையில் தொடங்கியது.

1689 இறுதியில் மராட்டிய அரசர் ராஜாராம் இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1690இல், கடலூர் பக்கம் இருக்கும் தேவனாம்பட்டினம் கோட்டையை அவருடைய அரசு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பின்னாளில் அதற்குத்தான் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்குப் போட்ட நிபந்தனை விசித்திரமானது: கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ, அதுவரை. கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்து எடுத்து நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்களுக்கெல்லாம் 'குண்டு கிராமம்' என்று பெயர் வந்தது.

அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு சபையும் அப்போது கிடையாது. சபை இருந்த காலத்தில் எல்லை போட்டபோது மட்டும் என்ன நடந்தது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் கச்சத்தீவு பற்றிய நாடாளுமன்றப் பதிவுகளை வரிசையாக வாசிக்க ஆரம்பித்தேன். தீவு யாருடையது என்ற வாதத்தை இங்கே நான் தொடவில்லை. அதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சர்கள் சொன்ன பதில்களை ஒரு பிரதியாக வாசித்தால் என்ன தெரிகிறது என்பது மட்டும்தான் என் விஷயம்.

முதல் பதில்: எல்லாம் பத்திரம்

ஒப்பந்தம் 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும், 28 அன்று டெல்லியிலும் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும். மக்களவையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அறிக்கை வாசித்தது ஜூலை 23. அதாவது கையெழுத்தாகி 25 நாள் கழித்து.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நம் நாட்டில் ஒப்பந்தம் போடுவது அரசின் நிர்வாக அதிகாரம். நாடாளுமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை. மக்களவை விதி 372 இன்னொன்றும் சொல்கிறது: அமைச்சர் அறிக்கை வாசிக்கும் நேரத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அன்று தி.மு.க.வின் இரா. செழியனும் ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள். அவர்களால் எதிர்க்கத்தான் முடிந்தது. ஷரத்து ஷரத்தாகக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பதில் வாங்க அந்த நேரத்தில் வழி இல்லை.

அறிக்கையின் சாரம் இதுதான்: ஒப்பந்தம் இரு தரப்புக்கும் நியாயமானது, மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றில் இரு நாட்டவரும் அதுவரை அனுபவித்த உரிமைகள் எதிர்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 5ஆம் ஷரத்தின்படி இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய் வரலாம், விசா வேண்டாம். 6ஆம் ஷரத்து இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரும் என்கிறது. 'மீனவர்' என்ற சொல் இருக்கிறது. 'மீன்பிடிக்கும் உரிமை' என்ற சொல் இரண்டிலும் இல்லை. அமைச்சரின் வாயில் இருந்த சொல் தாளில் இல்லை!

இது சும்மா சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். இல்லைங்க. ராமேஸ்வரத்தில் படகு பிடிபட்டவருக்கு இந்த ஒரு சொல்தான் எல்லாமும்.

இரண்டாவது பதில்: அது அப்படி அர்த்தமில்லை

1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போட்டார்கள். அதையொட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீன்பிடிப் படகுகள் மற்ற நாட்டின் கடலில், அந்த நாட்டின் அனுமதியில்லாமல், மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஆட்சி ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. ஆக, 1974இல் சபையில் வாய்மொழியாகக் கொடுத்த உறுதியை இரண்டு வருஷத்துக்குள் ஒரு கடிதம் செல்லாமல் ஆக்கிவிட்டது.

பிற்காலத்து எழுத்துப் பதில்களில் இது இன்னும் வெளிப்படை. தீவுக்குப் போய்வரும் உரிமை என்பது அதைச் சுற்றி மீன்பிடிக்கும் உரிமையாகக் கருதப்படவில்லை என்றே அமைச்சகம் சொல்லியிருக்கிறது. ஸ்வரண் சிங் சொன்னதையும் இதையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே அமைச்சகம், ஒரே சபை. முந்தைய பதில் இனி செல்லாது என்று ஒரு அமைச்சர் எழுந்து சொன்ன நாள் ஒன்றை நான் வாசித்த பதிவுகளில் பார்க்கவில்லை.

மூன்றாவது பதில்: கொடுக்கவே இல்லை

பெருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். 1969இல் கட்ச் வழக்கில் அதே நீதிமன்றம், எல்லைத் தகராறைத் தீர்ப்பது வேறு, நிலத்தைக் கொடுப்பது வேறு, முன்னதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது. கச்சத்தீவில் அரசு இரண்டாவது கதவு வழியாகப் போனது. எல்லை வரையறுக்கப்படாமல் இருந்தது, வரையறுத்தோம், எதையும் கொடுக்கவும் இல்லை வாங்கவும் இல்லை என்பதுதான் நிலைப்பாடு. 2015இல் வந்த தகவல் உரிமைச் சட்டப் பதிலும் இதையே சொன்னது. காங்கிரஸ் ஆட்சி, பா.ஜ.க. ஆட்சி என்று இதில் வித்தியாசம் இல்லை.

சட்டப்படி இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். 2015 மே மாதம் வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் 100ஆவது திருத்தமாக இரு அவைகளுக்கும் வந்தது. இந்தியாவின் 111 திட்டுகள் அந்தப் பக்கம், அவர்களுடைய 51 இந்தப் பக்கம். விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது, கசப்பு இருந்தவர்களும் பேசினார்கள். 285 ஏக்கர் கச்சத்தீவுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. எனக்கு உறுத்துவது தீவு போனதைவிட இதுதான்.

நான்காவது பதில்: வழக்கில் இருக்கிறது

இப்போது கேட்டால் வருவது ஏறக்குறைய இரண்டு வாக்கியம். 1974, 1976 ஒப்பந்தங்களின்படி தீவு சர்வதேச கடல் எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கம் இருக்கிறது. விஷயம் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1974 வாக்குறுதியையும் 1976 கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கியவர் வேறு யாருமில்லை, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர்தான். 2024 ஏப்ரல் 1, தேர்தல் நேரம், செய்தியாளர் சந்திப்பு. ஒப்பீடு சரியானது, அதில் குறை இல்லை. நிருபர்களுக்குக் கிடைத்த அந்த விளக்கத்தில் கால்வாசிகூட உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் எழுத்துப் பதிலில் இல்லையே என்பதுதான் என் குறை.

கேட்பவர்கள் பக்கமும் தவறு உண்டு

அமைச்சர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு முடித்தால் அது நேர்மையாகாது. நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: கச்சத்தீவை மீட்க அரசு என்ன நடவடிக்கை எடுத்தது? மீட்பு என்று கேட்டால் வழக்கு என்று பதில் வரும். இரண்டு பக்கமும் வேலை முடிந்தது. ஊர் செய்தித்தாளில் பெயரும் வந்துவிடும்.

கேள்வி நேரத்தில் நட்சத்திரக் குறி போட்ட கேள்வி நாளுக்கு 20தான். அதற்குத்தான் வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்வியும் உண்டு. மற்றதெல்லாம் எழுத்துப் பதில், மேலே கேட்க முடியாது. அந்த 20இல் ஒன்று கிடைத்தால் இப்படிக் கேட்கலாமே: 6ஆம் ஷரத்தில் சொன்ன மரபு உரிமைகள் எவை? 1974 ஜூலை 23 அன்று சபையில் கொடுத்த உறுதி இன்றும் அரசின் நிலைப்பாடா? 1976 கடிதம் எந்தத் தேதியில் சபையில் வைக்கப்பட்டது? இவை தீவின் உரிமையைக் கேட்கவில்லை. அரசு தன் சபையில் சொன்ன சொல்லைக் கேட்கின்றன. வழக்கைக் காட்டி இவற்றைத் தள்ளுவது அவ்வளவு சுலபம் இல்லை.

கூடவே நாம் கேட்கக் கூசும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. நம் விசைப்படகுகளின் இழுவை மடியால் வலையும் மீனும் இழப்பவர்கள் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துத் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது. நாளைக்கே தீவு நம் பக்கம் வந்தாலும் இந்தப் பிரச்சினை அங்கேயே இருக்கும். அமைச்சரிடம் மழுப்பாத பதில் கேட்கிறோம் என்றால் மழுப்பாத கேள்வியும் நம்மிடம் இருக்க வேண்டும்.

செஞ்சி இப்போது ஆரணி மக்களவைத் தொகுதியில் வருகிறது. எங்களுக்குக் கடல் இல்லை. ஆனாலும் கேள்விக்குத் தொகுதி எல்லை கிடையாது, எந்த உறுப்பினரும் கேட்கலாம். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். 1690இல் குண்டு கிராமத்துக்காரர்களுக்கு அனுப்ப ஒரு முகவரி இல்லை. நமக்கு இருக்கிறது.