அறியாத சாதியும் முழுமை பெற்ற வெறுப்பும்: 'பூக்குழி'யில் மனப்பான்மையும் நடத்தையும்

சமூக உளவியல் நோக்கில் தமிழ் நாவல்களை அணுகும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றன. மனப்பான்மை என்பது அறிவு, உணர்ச்சி, செயல்நாட்டம் ஆகிய மூன்று கூறுகளால் ஆனது என வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் நாவலிலிருந்து ஒரு சான்றைப் பொருத்திக்காட்டுவதோடு அவை நின்றுவிடுகின்றன. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) இவ்வாய்பாட்டுக்குள் அடங்க மறுக்கும் படைப்பாகும்.

தோலூரிலிருந்து குமரேசன் மணந்து அழைத்துவரும் சரோஜாவின் சாதி அவனது ஊராருக்குத் தெரியாது. ஆசிரியர் வாசகருக்கும் அதனைக் கூறுவதில்லை. அவள் வேற்றுச் சாதியினள் என்னும் ஊகம் மட்டுமே ஊரார்க்குப் போதுமானதாகிறது. அறிவு என்னும் கூறு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்க, வெறுப்பு முழுமை பெற்றுவிடுகிறது. 1946இல் வெளியான யூஜின் ஹார்ட்லியின் ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் தந்த இனக்குழுப் பட்டியலில் அவர் உலகில் இல்லாத மூன்று இனப்பெயர்களையும் சேர்த்திருந்தார். பிற இனங்களை வெறுத்தோர் அக்கற்பனை இனங்களையும் விலக்கவே முற்பட்டனர். வெறுப்புக்கு உரிய பொருள் பின்னரே தேடப்படுகிறது என்பதை ஹார்ட்லி எண்களால் காட்டினார். 'பூக்குழி' அதனை ஒரு பெண்ணின் மூச்சுத்திணறலாகக் காட்டுகிறது.

மனப்பான்மையே நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பதும் ஐயத்திற்குரியது. சீனத் தம்பதியருடன் அமெரிக்காவில் பயணம் செய்த லாபியர், தாம் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றில் மட்டுமே மறுப்பைச் சந்தித்தார். பின்னர் மடல் வழியே வினவியபோது விடையளித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர் (1934). பொம்மிடியில் தொடர்வண்டி ஏறிச் சேலம் செல்வோர் அருகிருப்பவரின் சாதியை வினவுவதில்லை. அவர்களுள் பலர் திருமணப் பேச்சில் வினவாதிருப்பதும் இல்லை. நாவலிலும் சரோஜாவைக் காண வரும் பெண்களிடம் ஏளனத்தோடு ஆவலும் வியப்பும் கலந்திருக்கின்றன. ஊர்க்கூட்டம் கூடி அக்குடும்பத்தை விலக்கிவைத்த பின்னர் அவ்வாவலுக்கு இடமில்லை. தனிமனித நாட்டத்தைக் காட்டிலும் 'பிறர் என்னிடம் எதை எதிர்பார்க்கின்றனர்' என்னும் உணர்வு வலிமையுற்ற இடம் அது. பிஷ்பைனும் அய்சனும் 1975இல் நடத்தையை விளக்க மனப்பான்மையோடு இவ்வுணர்வையும் தனிக்காரணியாகச் சேர்த்தது இதனாலேயே.

இவ்விடத்தில் குமரேசனின் தாய் மாராயி முதன்மை பெறுகிறாள். இளம் வயதிலேயே கணவனை இழந்து, தனித்து நின்று மகனை வளர்த்த அவளுக்கு ஊர் தந்த நற்பெயர் ஒன்றே சொத்து. அவளது ஒப்பாரி சரோஜாவை மட்டும் நோக்கியதன்று. செவிமடுக்கும் அண்டை வீட்டாரையும் நோக்கியது. அவளைக் 'கொடிய மாமியார்' என வகைப்படுத்தும் வாசிப்பு இதனைத் தவறவிடுகிறது.

நாவலின் குறை ஒன்றையும் சுட்டவேண்டும். ஊர் முடிவை உள்ளத்தால் ஏற்காமல் வாய்மூடி இருந்தோர் இதில் போதிய உருப்பெறவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் ஒரு கலப்பு மணத்தை முன்னிட்டு எரிக்கப்பட்டன. அம்மணம் புரிந்து மறு ஆண்டே உயிரிழந்த இளைஞருக்கே 'பூக்குழி' காணிக்கையாக்கப்பட்டுள்ளது. அத்தகைய நாளில் தீ வைத்தோரைவிட, தீயை விரும்பாமல் கதவடைத்துக்கொண்டோரின் உளவியலே ஆய்வுக்குக் கடினமானது. நாவலின் இறுதியில் புதரைச் சூழ்ந்து தீ மூட்டப்படும்போதும் நாம் கேட்பது மூட்டுவோரின் குரல்களையே.