அடுக்கா, ஆழமா? மனித இயக்கப் புறணி குறித்த படிம ஆய்வொன்றின் மதிப்பீடு

முன்னுரை

பெருமூளைப் புறணி பொதுவாக ஆறு அடுக்குகளால் ஆனது என்பது நுண்ணோக்கி தந்த அறிவு. உயிருள்ள மனிதரிடமும் அவ்வடுக்குகளின் செயல்பாட்டைப் பிரித்தளக்க இயலும் என்னும் நம்பிக்கையை வலுப்படுத்தியது, 2017இல் நியூரான் இதழில் ஹூபர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வின் வலிமை

செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தில் பெரிதும் பயன்படும் போல்டு குறிகை, குருதியின் ஆக்சிஜன் நிலையைச் சார்ந்தது. சிரைக்குருதி புறணியின் ஆழத்திலிருந்து மேற்பரப்பை நோக்கி வடிவதால், கீழே நிகழ்ந்த செயல்பாடு மேலேயும் தோன்றும். இப்பிழையைக் குறைக்க, 7 டெஸ்லா கருவியில் குருதியின் பருமனளவைச் சார்ந்த வாசோ முறையையும் இக்குழு கையாண்டது. அதனினும் பாராட்டத்தக்கது ஆய்வின் வடிவமைப்பு. இயக்கப் புறணியில் நான்கு பணிகள் ஒப்பிடப்பட்டன. நாளங்களின் அமைப்பு பணிக்குப் பணி மாறுவதில்லை. ஆதலால் பணிகளுக்கிடையே தோன்றும் வேறுபாட்டிற்கு நாளங்களை மட்டும் காரணமாகக் கூற முடியாது.

ஆய்வின் எல்லை

மேலடுக்குகளில் உள்ளீடும் ஆழ்ந்த அடுக்குகளில் தண்டுவடத்திற்குச் செல்லும் வெளியீடும் நிகழ்வதற்குச் சான்று கிடைத்ததாக ஆய்வு கூறுகிறது. ஆனால் படிமம் நேரடியாகக் காட்டுவது ஆழத்தையே; அடுக்கை அன்று. இயக்கப் புறணியின் தடிமன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். படக்கூறின் அகலமோ 1 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. எனவே புறணியின் குறுக்கே சார்பற்ற அளவீடுகள் சிலவே கிடைக்கும். மேலும், ஐந்தாம் அடுக்கிலுள்ள நரம்பணுக்களின் கிளைகள் மேற்பரப்பு வரை நீள்கின்றன. ஆகவே மேலே எழும் குறிகை முழுவதும் மேலடுக்கு நரம்பணுக்களுக்கே உரியது எனத் துணிதல் பொருந்தாது.

உள்ளீடு, வெளியீடு என்னும் விளக்கத்திற்கு அடிப்படை விலங்குகளின் உடற்கூற்றியலாகும். முன்பே அறிந்த உண்மையோடு பொருந்துவது அளவீட்டு முறையைச் சோதிக்கப் போதும். புதிய உண்மையை நிறுவப் போதாது. மனிதருக்கே உரிய மொழிச் செயல்பாட்டை ஆராய்வோர்க்கு அத்தகைய விலங்குச் சான்று கிட்டாது. அங்கு இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றிவைத்தால் ஊகம் முடிவாகிவிடும்.

முடிவுரை

இவ்வாய்வுகளைத் தமிழில் எழுதும்போது 'அடுக்கு' என்னும் ஒரு சொல்லே இரு பொருளையும் சுமக்க நேர்கிறது. திசுவியல் காட்டுவதை 'அடுக்கு' என்றும், படிமத்தில் கணிக்கப்படுவதை 'ஆழமட்டம்' என்றும் வேறுபடுத்துதல் நலம். அவ்வாறு செய்தால், எது அளக்கப்பட்டது, எது உய்த்துணரப்பட்டது என்பது வாசிப்போர்க்குத் தெளிவாகும்.