மதுரையின் முழுமைத் திட்டம்: மனைக்கு உண்டு, மடைக்கு இல்லை

ஒரு நிலம் எதற்குப் பயன்பட வேண்டும், அதில் எவ்வளவு கட்டலாம் என்னும் இரு கேள்விகளுக்கும் மதுரையில் இரு வேறு ஆவணங்கள் விடை சொல்கின்றன. முதல் கேள்விக்குரியது, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் உருவாகி 1995-இல் அரசின் ஒப்புதலைப் பெற்ற முழுமைத் திட்டம்; புல எண்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என வகைப்படுத்தும் வரைபடமும் அதற்கான விதிகளும் சேர்ந்ததே அது. இரண்டாவது கேள்விக்குரியது, மாநிலம் முழுமைக்குமாக 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முன்னது மதுரைக்கென்றே எழுதப்பட்டது, ஆனால் பழையது. பின்னது புதியது, ஆனால் மதுரையைப் பார்த்து எழுதப்பட்டதன்று. நகர் வளர்ச்சியின் இன்றைய குறைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைந்தவையே.

2019 விதிகளின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடப் பரப்பை எழுப்பலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீடு, உயரமற்ற கட்டடங்களுக்கு 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. ஐந்து செண்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி வைத்திருப்பவர், முன்பு 3,267 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது, இப்போது 4,356 வரை கட்டலாம். கணக்கு எல்லோருக்கும் ஒன்று என்பதால் அதிகாரியின் தயவுக்கு இடம் குறைகிறது. இருக்கிற இடத்திலேயே மாடி எழுப்ப முடிவதால் வயலை நோக்கி ஓடும் வேகமும் ஓரளவு தணியலாம். ஆனால் திட்டமிட்டு அகலத் தெருக்கள் விடப்பட்ட கே.கே. நகர் மனைக்கும் செல்லூரின் நெருக்கமான சந்திலுள்ள மனைக்கும் அடிப்படைக் குறியீடு ஒன்றுதான். சாலை அகலத்தை ஒட்டிச் சில வரம்புகள் இருப்பினும், கழிவுநீர்க் குழாய் எவ்வளவு தாங்கும், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று குறியீடு கேட்பதில்லை.

சராசரி எண்களும் இங்கே ஏமாற்றுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சுமார் 52 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10.17 லட்சம் பேர் வாழ்ந்த மாநகராட்சியில், சதுர கிலோமீட்டருக்கு 19,500 பேருக்கு மேல் இருந்தனர். அதே ஆண்டில் ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் உள்ளிட்ட பகுதிகள் சேர்ந்து பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டர் ஆனதும், ஏறத்தாழ 14.7 லட்சம் பேர் கொண்ட நகரின் அடர்த்தி பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. ஒருவர்கூட வீடு மாறவில்லை. பழைய நகரின் மாசி வீதியில் நெரிசலும் குறையவில்லை.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு, மீறல்கள் உண்டு என்றாலும், கோபுரங்களை வானத்தில் தனித்து நிற்கவிட்டிருக்கிறது. அது சிறிய சாதனையன்று. எனினும் அது காட்சியைக் காக்கும் விதியே தவிர அடர்த்தியை ஆளும் விதியன்று. உயரம் தடுக்கப்பட்ட இடத்தில் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறுவதை அது தடுப்பதில்லை.

மிகப் பெரிய குறை நீரைப் பற்றியது. மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் கலுங்கில் வழியும் மிகுநீர் அடுத்ததன் வரத்துக்கால்வாயில் இறங்கும் சங்கிலிகள். முழுமைத் திட்ட வரைபடத்தில் கண்மாயின் நீர்ப்பரப்பு நீர்நிலைப் புறம்போக்காகக் காக்கப்படும். அதன் மடையிலிருந்து பாசனம் பெற்ற ஆயக்கட்டு நஞ்சையோ பட்டா நிலம் என்பதால், சட்டத்தின் 32-ஆம் பிரிவு வழியே நிலப்பயன் மாற்றம் பெற்று மனைப்பிரிவாகலாம். ஆயக்கட்டு போனால் மடைக்கு வேலையில்லை; மடைக்கு வேலையில்லாத கண்மாயைத் தூர்வாரக் கேட்கும் விவசாயியும் இல்லை; சில ஆண்டுகளில் அது பயனற்ற காலியிடமாகத் தோன்றிவிடுகிறது. இந்தப் பாதையில் முன்சென்றது அரசுதான்: 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் நிலத்திலும், மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளம் கண்மாய் நிலத்திலும் எழுந்தன. தனியார் மனை வணிகரை மட்டும் குறைசொல்வது அதனால் நேர்மையாகாது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விதித்த தடையும், அதைத் தொடர்ந்து 2017-இல் வந்த வரன்முறை விதிகளும், திட்டம் வளர்ச்சிக்குப் பின்னால் நடந்ததற்குச் சான்று. பணம் கட்டி மனைக்கு ஒப்புதல் வாங்கலாம். விடாத தெருவை, மூடிய வாய்க்காலைப் பணம் கட்டி வாங்க முடியாது. இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் மதுரையிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் நகரின் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, உழைத்தவர்களுக்கு அந்த நிலத்தையே மனையாகக் கொடுத்தார். ஆனால் அங்கே வெளி வீதிகளின் கோடு முதலில் வந்தது, வீடு பிறகு. அதே வரிசையில், பலருடைய நிலங்களை ஒன்றாக்கி, சாலைக்கும் பொதுவிடத்துக்கும் ஒதுக்கியபின் மிச்சத்தைத் திருப்பித்தரும் நிலத்தொகுப்பு முறை 2018 திருத்தத்தின் மூலம் இன்றைய சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது; குஜராத்தில் பல தலைமுறையாக நடைமுறையில் உள்ள முறைதான் அது.

2044-ஐ இலக்காகக் கொண்ட புதிய முழுமைத் திட்டம், வரத்துக்கால்வாய்களின் புல எண்களையும் தெருக்கோடுகளையும் முதலில் பூட்டிவிட்டு, அடிப்படைக் குறியீட்டைப் பகுதிக்குப் பகுதி குழாயும் வடிகாலும் தாங்கும் அளவுக்கு வகுக்க வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை மறு ஆய்வு செய்யச் சட்டம் தரும் வாய்ப்பையும் இம்முறை பயன்படுத்த வேண்டும்.