சிம்லிங்க் போடச் சொல்லும் கையேடுகள்

தூத்துக்குடி போயிருந்தப்போ அக்கா மகன் மடிக்கணினியை நீட்டினான். "மாமா, எர்னோ.எச் சேர்த்தாலே சி புரோகிராம் கம்பைல் ஆகல. விடிஞ்சா லேப் பரீட்சை." பிழைச்செய்தி: யுஏபிஐ/லினக்ஸ்/எர்னோ.எச் காணோம். வைஃபை டிரைவருக்காக ஏதோ கையேட்டைப் பார்த்து, /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸை எடுத்துட்டு கர்னல் சோர்ஸுக்கு சிம்லிங்க் போட்டிருக்கான்.

கையேடு மேலதான் என் கோபம். தொண்ணூறுகள்ல கர்னலோட ரீட்மீயே இப்படித்தான் சொல்லுச்சு, சரி. ஆனா அங்கே இருக்கவேண்டியது ஜிலிப்சி எந்த ஹெடர்களோட கட்டப்பட்டதோ அவைதான்னு லினஸ் 2000லயே தெளிவாக்கிட்டார். 2012ல, கர்னல் 3.7ல, பயனர் பக்க ஹெடர்கள் யுஏபிஐன்னு தனி அடைவுக்குப் போயிடுச்சு. இப்போ சோர்ஸ்ல உள்ள எர்னோ.எச் அந்த அடைவைத் தேடும். /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்ல அப்படி ஒண்ணு கிடையாது. பழைய வித்தை உடையறது இங்கேதான்.

டிரைவர் பார்க்கிற இடமே வேற: /லிப்/மாட்யூல்ஸ் கீழே, ஓடுற கர்னல் பதிப்போட பில்ட் அடைவு. அதே பதிப்புக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பு போதும். (அவனுக்கு வைஃபை வந்ததும் அதனாலதான், பெயர் வாங்கினது சிம்லிங்க்.)

சிம்லிங்க்கை அழிச்சு, லினக்ஸ்-லிப்சி-டெவ்வை மறுபடி நிறுவினோம். மக்ரூன் டப்பா காலியானப்போ மணி பதினொண்ணு, புரோகிராம் ஓடிச்சு.