அடுத்த பகுதி தொடங்குமுன்: மூன்று திரைத்தொடர்களும் பரிந்துரைப்போரின் பொறுப்பும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னர் இறையியல் மாணவர் மூவர் என் அறைக்கு வந்தனர். "ஐயா, ஊருக்குப் போகிறோம். ஒரே மூச்சில் பார்த்து முடிப்பதற்கு ஏற்ற தொடர்கள் இரண்டு மூன்று சொல்லுங்கள்" என்று கேட்டனர். ஆயர் பணியையும் அறவாழ்வையும் பொருளாகக் கொண்ட மூன்று தொடர்களின் பெயரைச் சொல்லியனுப்பினேன். அவற்றுள் இரண்டை நான் முழுவதும் பார்த்திருந்தேன். மூன்றாவதன் முதற்பகுதியை மட்டுமே பார்த்திருந்தேன். எஞ்சியதைப் பற்றிப் பிறர் எழுதிய பாராட்டுகளைப் படித்திருந்தேன். இவ்வேறுபாட்டை நான் மாணவரிடம் கூறவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியவருள் ஒருவர், நான்கு தலைமுறையாக ஆயர்களைத் தந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மூன்றாவது தொடரை அவர் தனியாக அமர்ந்து நான்கு இரவுகளில் பார்த்து முடித்திருந்தார். "அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஐயா" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று, வருத்தத்தோடு சொன்னார். அதன் பின்னரே அத்தொடரை நான் முழுவதுமாகப் பார்த்தேன். இக்கட்டுரை அம்மாணவருக்கு நான் செலுத்தவேண்டிய கடனாகும். இதில் கூறவிருப்பது ஒன்றே: ஒரு தொடரைப் பரிந்துரைப்பவர் எதைப் பார்க்கலாம் என்பதோடு, எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொல்லும் கடமையுடையவர்.

1. பழக்கம் வந்த வழி

தொலைக்காட்சித் தொடரின் இயல்பு தவணை முறையில் வருவது. வாரம் ஒரு பகுதி; அடுத்ததற்கு ஆறு நாள் காத்திருத்தல். 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்று, அஞ்சல்வழித் திரைப்பட வட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம், 2007இல் இணையவழி ஒளிபரப்பில் இறங்கியது. 2013 பிப்ரவரி 1 அன்று, 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்னும் தொடரின் முதற்பருவத்துப் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. காத்திருப்பு என்பது அன்று தேவையற்றதாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 2015இல், ஒரே மூச்சில் பார்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் காலின்ஸ் அகராதியார் அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தனர்.

பரிந்துரையும் இவ்வாறே மாறிற்று. பயனர் ஒருவர் எந்தப் படத்திற்கு எத்தனை மதிப்பெண் தருவார் என்பதைத் தன் கணினி முறையைவிடப் பத்து விழுக்காடு செம்மையாகக் கணிப்போருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று அதே நிறுவனம் 2006இல் அறிவித்தது. 2009இல் அப்பரிசை வழங்கிற்று. நமக்கு எது பிடிக்கும் என்பதைக் கணிக்க இத்தனை உழைப்பு செலவாயிற்று. நாம் இன்று துக்கத்தில் இருக்கிறோமா, நாளை அதிகாலையில் எழவேண்டுமா என்பன அக்கணக்கில் சேரா. 2017இல் அந்நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர்களுள் ஒன்றாக மனிதரின் தூக்கத்தையே குறிப்பிட்டார். ஒரு பகுதி முடிந்ததும் சில நொடிகளில் அடுத்தது தானாகவே தொடங்கும் ஏற்பாட்டின் நோக்கம் இதனால் விளங்கும்.

இக்கணினி நண்பரைவிட நன்கு பரிந்துரைக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. நண்பர் செய்யக்கூடியதும் கணினி செய்ய விரும்பாததும் எது என்பதே கேள்வி. அதை விளக்க அம்மூன்று தொடர்களையே எடுத்துக்கொள்வோம்.

2. 'டெக்கலாக்'

போலந்து நாட்டு இயக்குநர் கிஷிஸ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கி, வழக்கறிஞரான கிஷிஸ்டோஃப் பியெசியெவிச்சுடன் சேர்ந்து எழுதி, அந்நாட்டுத் தொலைக்காட்சிக்காக 1988இல் உருவாக்கிய பத்துப் படங்களின் வரிசை இது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். வார்சா நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்வோரின் கதைகளே பத்தும். படங்களுக்கு எண் உண்டு. கட்டளையின் வாசகம் தலைப்பில் இல்லை. எக்கட்டளை எவ்விடத்தில் மீறப்பட்டது என்பதைக் காண்பவரே கண்டடைய வேண்டும். நம் வாசகர்க்கு இங்கு ஒரு குறிப்புத் தேவை. கொலையை விலக்கும் கட்டளை இவ்வரிசையில் ஐந்தாவது. ரோமத் திருச்சபையும் லுத்தரின் ஞானோபதேசமும் அவ்வாறே எண்ணுகின்றன. தென்னிந்தியத் திருச்சபை மரபில் வளர்ந்தோர் அதனை ஆறாவதாக எண்ணிப் பழகியவராதலால் குழம்ப நேரிடலாம்.

முதற்படத்தில் பேராசிரியரான தந்தை ஒருவர், ஏரியின் பனிக்கட்டி தன் மகனைத் தாங்குமா என்று கணினியிற் கணக்கிடுகிறார். கணக்கு தாங்கும் என்கிறது, பனிக்கட்டி உடைகிறது. ஐந்தாவது படத்தில் ஓர் இளைஞன் வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரைக் காரணமின்றிக் கொல்கிறான். பின்னர் அரசு அவனைத் தூக்கிலிடுகிறது. இருகொலைகளையும் இயக்குநர் ஒரே பொறுமையுடன் காட்டுகிறார். இரண்டையும் பார்த்தவர் ஒன்றை மட்டும் நியாயப்படுத்துவது கடினம். போலந்தில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் 1988ஆம் ஆண்டிலேயே.

இவ்வரிசையை எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதற்கான விடை இதனுள்ளேயே உள்ளது. இரண்டாவது படத்தில் ஒரு பெண், மரணப்படுக்கையிலுள்ள தன் கணவன் பிழைப்பானா என்று மருத்துவரைக் கேட்கிறாள். அவள் வயிற்றில் வேறொருவரின் குழந்தை வளர்கிறது. கணவன் பிழைப்பானாயின் கருவைக் கலைக்கவேண்டும் என்பது அவள் நிலை. அவன் பிழைக்கமாட்டான் என்று மருத்துவர் ஆணையிட்டுச் சொல்கிறார். கணவனோ பிழைத்துவிடுகிறான். ஆறு படங்கள் கழித்து, எட்டாவது படத்தில், அறவியல் பேராசிரியை ஒருவரின் வகுப்பில் மாணவி ஒருத்தி இதே நிகழ்ச்சியை எடுத்துக்கூற, வகுப்பு அதனை ஆராய்கிறது. அதே வகுப்பில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள பெண்ணொருத்தி எழுந்து, 1943இல் ஒரு யூதச் சிறுமிக்கு அடைக்கலம் மறுக்கப்பட்ட கதையைச் சொல்கிறாள். பொய்ச்சான்றுக்கு உடன்பட இயலாது என்பதே மறுத்தவர் அன்று கூறிய காரணம். மறுத்தவர் அப்பேராசிரியை, அச்சிறுமி இப்பெண்.

கண்டதை ஓரிடத்தில் அமர்ந்து பேசவேண்டும் என்பதை இயக்குநர் தம் படைப்புக்குள்ளேயே காட்டிவிட்டார். பத்தையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பவருக்கு இவ்வகுப்பு வெறும் காட்சியாகக் கடந்துபோகும். பத்து வாரம், வாரத்திற்கு ஒன்றாக நால்வர் கூடிப் பார்த்துப் பேசுவோருக்கு அது அவர்களுடைய வகுப்பாகவே அமையும். குறையும் இல்லாமலில்லை. எட்டுப் படங்களில் பேசாது வந்துநின்று பார்த்துச் செல்லும் இளைஞன் ஒருவன், சில இடங்களில் பொருள் நிறைந்தவனாகவும், சில இடங்களில் இயக்குநரின் கையெழுத்தாக மட்டுமே நிற்பவனாகவும் தோன்றுகிறான்.

3. 'ப்ரோக்கன்'

நொறுங்குண்டவர் என்று இத்தலைப்பை நாம் பெயர்க்கலாம். ஜிம்மி மக்கவர்ன் எழுதி, 2017இல் பிபிசியில் ஆறு பகுதிகளாக வெளிவந்த தொடர் இது. வட இங்கிலாந்தின் வறிய பங்கொன்றில் பணிபுரியும் கத்தோலிக்கக் குரு மைக்கேல் கெரிகனாக ஷான் பீன் நடித்துள்ளார். இதற்காக 2018இல் பாஃப்டா விருதும் பெற்றார்.

பங்கு மக்களின் துயரங்களைத் தொடர் பெயர்சொல்லிக் காட்டுகிறது. வேலையிழந்த தாய் ஒருத்தி, இறந்துபோன தன் அன்னையின் ஓய்வூதியத்தைப் பெறுவதற்காக மரணத்தைச் சில நாள் மறைக்கிறாள். மற்றொருத்தி சூதாட்டப் பொறிகளில் பணத்தை இழந்து, பணிபுரிந்த இடத்தில் களவாடி, வாழ்வை முடித்துக்கொள்ளப்போவதாகக் குருவிடமே சொல்கிறாள். அவரால் தடுக்க இயலவில்லை. நற்கருணையின்போது அப்பத்தை உயர்த்தும் நேரத்தில், சிறுவயதில் தாம் அடைந்த இழிவுகள் குருவின் நினைவில் எழுந்து கைகளை நடுங்கச் செய்கின்றன. ஆயர் பணியை இத்தனை நெருக்கத்தில் காட்டிய தொடர் வேறொன்றை நான் கண்டதில்லை.

இதில் ஒரு காட்சியை ஆயர்கள் மறக்கமாட்டார்கள். மனநோயுற்ற மகனையுடைய தாய் ஒருத்தி இரவில் உதவிக்குத் தொலைபேசியில் அழைக்கிறாள். மணி ஒலிக்கிறது, குரு எடுக்கவில்லை. அவ்விரவில் அம்மகன் காவலர் குண்டுக்கு இரையாகிறான். இதைப் பார்த்த இரவில் அடுத்த பகுதிக்கு நான் செல்லவில்லை. நான் எடுக்காமல் விட்ட அழைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றுள் சிலவற்றை, உண்மையைச் சொல்வதாயின், தொடர் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

இறுதிக் காட்சியைப் பற்றி எனக்கு இருமனம். தம் அழைப்பையே ஐயுற்று நிற்கும் குருவை, நற்கருணை பெறவரும் ஒவ்வொருவரும் நல்ல குருவென்று வாழ்த்திச் செல்கின்றனர். கண் கலங்காமல் பார்த்தல் அரிது. எனினும் பணியாளரின் தகுதிக்கு மக்களின் பாராட்டே சான்றாகுமாயின், பாராட்டப் பெறாமலே ஓய்வுபெற்றுச் செல்லும் நூற்றுக்கணக்கான நல்ல ஆயர்களின் நிலை என்ன? ஆறு பகுதிகளையும் ஒருங்கே பார்ப்பவருக்கு இக்கேள்வி எழாது. கண்ணீர் அதை அடித்துச் சென்றுவிடும். மறுநாள் எண்ணிப் பார்ப்பவருக்கே எழும்.

4. 'ஆண்டவரின் வழிகள்'

நான் முழுவதும் பார்க்காது பரிந்துரைத்த தொடர் இதுவே. டேனிய மொழியில் இப்பொருள்படும் தலைப்புடன், ஆங்கிலத்தில் 'ரைட் அப்பான் த ஸ்டார்ம்' என்ற பெயருடன், 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் டென்மார்க் தொலைக்காட்சியில் இரு பருவங்களாக, இருபது பகுதிகளாக வந்தது. 'போர்கன்' தொடரைப் படைத்த ஆடம் பிரைஸ் இதனையும் படைத்தார். 1706இல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்குவை அனுப்பிய மன்னரின் திருச்சபையே இதன் களம். ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

பல தலைமுறையாகக் குருக்களைத் தந்த குடும்பத்தின் தலைவர் யோஹன்னஸ் குரோக். லார்ஸ் மிக்கெல்சனின் நடிப்புக்கு 2018இல் பன்னாட்டு எம்மி விருது கிடைத்தது, அது தகும். இறையருளைப் பற்றி மேடையில் எரியும் நாவோடு முழங்கும் இவர், அதனைத் தம் இரு மைந்தருக்கும் அளிக்க அறியாதவர். மூத்தவன் இறையியலைக் கைவிட்டவன். தந்தையின் கண்ணில் தோல்வியுற்றவன். இளையவன் ஆகுஸ்ட் தந்தை விரும்பியவாறே குருவாகி, படைக்குச் சமயப்பணியாளனாகச் சென்று, அங்கே ஆயுதம் ஏந்திக் குற்றமற்ற ஓர் உயிரின் அழிவுக்குக் காரணமாகி, மனம் சிதைந்து திரும்புகிறான். முதற்பருவ இறுதியில் இறக்கிறான். அழைப்பு எனப்படுவது ஆண்டவரிடமிருந்து வந்ததா, தகப்பனிடமிருந்து வந்ததா என்ற கேள்வியை இத்தொடர்போலக் கூர்மையாக எழுப்பிய படைப்புகள் குறைவு. ஆயர் பரம்பரைகளைப் பெருமையோடு பேசும் நம் திருச்சபைகளில் அக்கேள்வி எழவேண்டியதே.

எனினும் இதன் கட்டமைப்பு மற்ற இரண்டினின்றும் வேறுபட்டது. குடி, பிறர்மனை நாட்டம், பேராயர் தேர்தல் தோல்வி, போர், மணமுறிவு எனத் துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் புதிய காயத்தைத் திறந்து வைத்து முடிகிறது. அடுத்ததைப் பார்க்கச் செய்வதற்குத் துன்பமே தூண்டிலாகிறது. ஆகுஸ்டின் மரணத்திற்கும் இரண்டாம் பருவத்திற்கும் இடையே டென்மார்க் மக்களுக்குப் பல மாதங்கள் கிடைத்தன. தன் ஊரில், தன் தந்தையின் வீட்டில், நள்ளிரவில் தனியே பார்த்த நம் மாணவருக்குச் சில நொடிகளே கிடைத்தன.

5. இடைவெளியின் பொருள்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நாவலை விடிய விடியப் படித்தவர் நம்முள் இல்லையா? தெருக்கூத்தை இரவு முழுவதும் நம் முன்னோர் பார்க்கவில்லையா? பார்த்தனர். ஆனால் ஊர் கூடிப் பார்த்தனர். விடிந்ததும் கூத்து முடிந்தது. பாரதக் கூத்துப் பல இரவுகள் நடந்தபோதும் இரவுகளுக்கிடையே பகல்கள் இருந்தன. அப்பகல்களில் வயலிலும் கிணற்றடியிலும் கர்ணனைப் பற்றிப் பேச்சு நடந்தது. தனிமையிலிருப்போர், படுக்கையிலிருப்போர் ஆகியோருக்கு நீண்ட தொடர் உற்ற துணையாவதும் உண்மை. ஆகவே ஒரே மூச்சில் பார்ப்பது பாவம் என்று நாம் பட்டியலிடத் தேவையில்லை.

நாம் சொல்லவேண்டியது வேறு. திருச்சபை இடைவெளியின் பயனை அறிந்த சமூகம். மறைநூலை நாம் ஞாயிறுதோறும் பகுதி பகுதியாகவே வாசிக்கிறோம். பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இடையே, ஒன்றும் நிகழாத ஒரு சனிக்கிழமையை நம் நாட்காட்டி காத்துவருகிறது. சீடர்களுக்கு அது அடுத்த பகுதி உண்டென்று அறியாத நாள். மரணத்தை மரணமாக உணர அந்நாள் வேண்டும். திரையில் ஒரு மகன் இறந்தபின் அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்கும்போது நம்மிடமிருந்து எடுக்கப்படுவது அச்சனிக்கிழமையே. துக்கவீட்டில் நம் உடனிருப்பை எதிர்பார்க்கும் மக்களிடையே பணிபுரிவோருக்கு இது சிறு இழப்பன்று.

6. முடிவாக

ஆயர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'கட்டாயம் பார்க்கவேண்டியவை' என்ற பட்டியல்கள் உலவுகின்றன. அனுப்புவோருள் எத்தனை பேர் முழுவதும் பார்த்தனர்? பாராததைப் பார்த்ததுபோல் பரிந்துரைத்தல், எண்ணும் முறையில் நாம் எட்டாவதென்றோ ஒன்பதாவதென்றோ கொள்ளும் கட்டளைக்கு மிக அருகில் வருகிறது. என் தவறும் அதுவே.

இன்று அம்மாணவர்கள் மீண்டும் கேட்டால் இவ்வாறு சொல்வேன். 'டெக்கலாக்' வரிசையை நால்வர் சேர்ந்து வாரம் ஒன்றாகப் பாருங்கள். பார்த்தபின் அரைமணி நேரம் பேசுங்கள். 'ப்ரோக்கன்' தொடரைச் சனி இரவில் தொடங்காதீர்கள். மறுநாள் அருளுரை உங்களுடையதாக இராது. 'ஆண்டவரின் வழிகள்' தொடரின் முதற்பருவத்தோடு நிறுத்துங்கள். இரண்டாவதற்குச் செல்லுமுன் ஒருவரிடமாவது பேசுங்கள். அடுத்த பகுதி தானே ஓடும் ஏற்பாட்டை அமைப்பிற்சென்று நிறுத்திவிடுங்கள். ஆயர் குடும்பத்தில் பிறந்தவராயின், பார்க்குமுன் என்னிடம் வாருங்கள். உடன் அமர்ந்து பார்ப்போம்.